கீழ்பென்னாத்தூரில் ஒரு பாறையைத் தேடி

கடலுக்குள் கிடக்கும் ஒரு பாறையைத் தேடிக் கடலே இல்லாத ஊருக்குப் போன ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். திருவண்ணாமலைக்குச் சாமி கும்பிடப் போகிறார்கள், மலையைச் சுற்றப் போகிறார்கள், மனசு சரியில்லை என்று போகிறார்கள். நான் என் தங்கை கணவருடைய வேலையைக் காப்பாற்றப் போனேன். காப்பாற்றியாகிவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நிம்மதி மட்டும் இல்லையென்றால் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டிருப்பேன்.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். கடல் வரைபடம் வரைவது என் தொழில். எங்கே எவ்வளவு ஆழம், எங்கே மணல் திட்டு, எங்கே பாறை, எந்த முனையில் கலங்கரை விளக்கம் என்று கப்பல்காரர்களுக்குத் தெரிய வேண்டியதையெல்லாம் மையில் வரைந்து கொடுக்கிறவன். கப்பலில் ஏறினால் எனக்கு வாந்தி வரும் என்பது வேறு விஷயம். மாப்பிள்ளை, அதாவது தங்கை கணவர், ஒரு சின்னச் சரக்குக் கப்பலின் கேப்டன். நான் வரைந்த கடலில் அவர் ஓட்டுகிறார் என்று வீட்டில் எங்களைக் கேலி செய்வார்கள்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. மாப்பிள்ளையின் கப்பல் ஒருநாள் சாயங்காலம் ஒரு சின்னத் தீவைத் தாண்டும்போது அடியில் எதிலோ மோதி உரசியது. உரசிய வேகத்தில் விலகியும் விட்டது. தண்ணீர் ஏறிய கப்பலை எப்படியோ துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆனால் மோதிய இடம் எது என்பதில்தான் தகராறு. எந்தத் தீவு, எந்தத் துறைமுகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.

தீவின் நடுவே ஒரு மலை. மேற்கு முனையில் கலங்கரை விளக்கம். அந்த மேற்குப் பக்கத்தில் எல்லா வரைபடத்திலும் போட்டிருக்கும் ஒரு பழைய பாறைத் திட்டு. கிழக்கே ஆழமான, சுத்தமான வழி. "நான் கிழக்கு வழியாகத்தான் வந்தேன், அங்கே வரைபடத்தில் இல்லாத பாறை ஒன்று இருக்கிறது" என்றார் மாப்பிள்ளை. "வழி தவறி மேற்கே போய், ஊருக்கே தெரிந்த திட்டில் ஏற்றிவிட்டீர்கள்" என்றார்கள் விசாரித்தவர்கள். கிழக்கே இருந்து பார்த்தால் மலை மறைத்துக்கொள்ளும், கலங்கரை விளக்கம் தெரியாது. மேற்கே இருந்தால் நன்றாகத் தெரியும். ஆகவே விளக்கு தெரிந்ததா இல்லையா என்பதிலேயே எல்லாம் அடங்கியிருந்தது.

சுக்கான் பிடித்தவர் திசைகாட்டியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். கப்பலின் முன்பக்கம் நின்று காவல் பார்த்த கலாசி, அதாவது கப்பல் தொழிலாளி, ஒருவர்தான் மிச்சம். ஏழுமலை என்று பெயர். கீழ்பென்னாத்தூர்க்காரர். தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. அவர் சொன்னதை ஒரு மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துக் கப்பல் மோதியது என்று அதில் இருந்தது. மாப்பிள்ளையின் கேப்டன் சான்றிதழை முடக்கி வைத்துவிட்டார்கள்.

மறு விசாரணை ஒன்று பாக்கியிருந்தது. அதிலும் தோற்றால் அவர் இனிக் கப்பலில் கால் வைக்க முடியாது. எங்கள் தொழிலில் யாரோ ஒரு கேப்டன் பாறையைப் பார்த்தேன் என்று சொல்லி, அதை யாரும் உறுதி செய்யாவிட்டால், 'இருப்பது சந்தேகம்' என்பதை ஆங்கிலத்தில் இரண்டெழுத்தாகச் சுருக்கி வரைபடத்தில் அந்த இடத்தில் எழுதுவோம். மாப்பிள்ளையின் பாறைக்கு அந்த இரண்டெழுத்துக்கூடக் கிடைக்கவில்லை. அவர் வாசல் அறையில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு, அதைக் கேட்காமல் உட்கார்ந்திருப்பார். எங்கள் வக்கீல் ஏழுமலைக்குக் கடிதம் போட்டுப் பார்த்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து பதில் இல்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நான் கிளம்பிவிட்டேன்.

திருவண்ணாமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தலைக்கு மேல் மலை நிற்கிறது. கோபுரத்தைப் பிறகுதான் பார்த்தேன். கடலிலிருந்து பார்த்தால் கரையில் உள்ள மலைகள் எப்படித் தெரியும் என்று எங்கள் வரைபட ஓரத்தில் சின்னதாகக் கோடு போட்டுக் காட்டுவோம். கப்பல்காரன் அதை வைத்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பான். பழக்க தோஷம், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டி மலையின் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா சார், மலைய அளக்கறீங்களா? கவர்மெண்டா?" என்றார் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்.

"இல்லைங்க, சும்மா பார்த்தேன்."

"அளந்தாலும் ஆவாது சார். பிரம்மாவும் பெருமாளும் தேடியே அடியும் முடியும் தெரில. நீங்க வெரலக் காட்டினா தெரிஞ்சிடுமா? ஏறுங்க."

ஏறினேன். முதலில் ஒரு ஓட்டலுக்கு விடச் சொன்னேன். எங்கள் ஊர் கோப்பி கறுப்பாக, அடியில் டின் பால் தேங்கி, கண்ணாடிக் குவளையில் வரும். இங்கே பித்தளை டபராவில் நுரை தள்ளிக்கொண்டு வந்தது. இட்லிக்கு ஊற்றிய சாம்பார் இலையின் எல்லையைத் தாண்டி என் மடிக்கு வரப் பார்த்தது. பரிமாறியவர் அதைப் பார்த்துவிட்டு, "ஜாஸ்தியா பூட்ச்சா சார்?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். நன்றாக இருந்தது. பினாங்கில் நாங்கள் சாம்பார் என்று சாப்பிடுவது வேறு ஏதோ சாமான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு அந்தப் பக்கம், ஒரு வீட்டு மாடியில் அறை கிடைத்தது. பக்கத்து அறையில் ஹாலந்து நாட்டுப் பெண்மணி ஒருவர். அவர் சிநேகிதியிடம் ஆங்கிலத்தில் புலம்பிக்கொண்டிருந்தது சுவர் வழியாகக் கேட்டது. "மௌனத்தைத் தேடிப் பாதி உலகம் தாண்டி வந்திருக்கிறேன். விடிவதற்கு முன்பே எந்தப் புண்ணியவான் ஒலிபெருக்கியைப் போடுகிறான்?" எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பாறையைத் தேடி வந்தவன், அவர் சத்தமில்லாத இடத்தைத் தேடி வந்தவர். இரண்டு பேருக்கும் இடம் சரியாக அமையவில்லை.

மறுநாள் காலை கீழ்பென்னாத்தூர் பஸ். உள்ளே ஆட்களை விட மூட்டைகள் அதிகம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மடியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி என் கையில் போட்டு, "மல்லாட்ட சாப்புடுங்க" என்றார். பார்த்தால் அவித்த நிலக்கடலை. எங்கள் ஊரில் இதைக் கச்சான் என்போம் என்று சொன்னேன். அந்த அம்மாள் பின் சீட்டுக்குத் திரும்பி, "பாவம், இவுரு ஊர்ல மல்லாட்டய கச்சானாமா" என்று என்னமோ எங்கள் ஊரில் பஞ்சம் வந்துவிட்டது மாதிரி சொன்னார்.

பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆண்களெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கினார்கள், நானும் இறங்கித் தள்ளினேன். கண்டக்டர் மட்டும் உள்ளேயே இருந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று உற்சாகம் கொடுத்தார். பஸ் கிளம்பியதும் ஓடி ஏறிக்கொள்ள வேண்டும். பினாங்கில் இப்படி நடந்தால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார்கள். இங்கே ஏறி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கடலையை உரிக்க ஆரம்பித்தார்கள்.

ஏழுமலையைக் கண்டுபிடிப்பதில் கஷ்டமே இருக்கவில்லை. "கப்பல்காரரா? வேனுக்கு அடியில பாருங்க" என்றார்கள். உண்மையிலேயே ஒரு பழைய வேனுக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். கப்பல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, அந்த வேனில் கடலை மூட்டையும் ஆட்களும் ஏற்றுகிறார். நல்ல உயரம், பெரிய மீசை. ஊர்க்காரர்கள் கேட்கும்போது பேச்சு இரண்டு மடங்கு சத்தமாகிறது. தான் பார்க்காத நாடே இல்லை என்று கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்த கையோடு எனக்குச் சொல்லிவிட்டார். அவர் மனைவி ஒரு செம்பு மோரைக் கொடுத்துவிட்டு, "மெட்ராஸத் தாண்டி எல்லாம் கப்பல் ஜன்னல்லதான் பாத்தாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவசரத்தில் சொன்னேன், அதுதான் தப்பாகப் போயிற்று.

"விசாரணையில நீங்க விளக்கு ஏத்தியாச்சுன்னு சொன்னீங்களாமே. அது நிஜந்தானா?"

"நிஜந்தான் சார். வெளக்கு வெச்சு கொஞ்ச நேரத்துலதான் கப்பல் அடிச்சுது. அதுல இன்னா?"

"கொஞ்சம் நல்லா யோசிச்சுப் பாருங்க, ஏழுமலை. நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தையால கேப்டன் வேலையே போகப் போகுது."

அவர் முகம் மாறிவிட்டது. "அதுக்கு? மாத்திச் சொல்லணுமா? கேப்டன் நல்ல மன்சன் சார். அவுரு கப்பல்ல நான் சோத்துக்குக் கஷ்டப்பட்டதில்ல. ஆனா வெளக்கு வெச்சது வெச்சதுதான். அத வெக்கலன்னு எப்பிடி சொல்றது? அண்ணாமலையார் மேல சத்தியமா நான் பொய் சொல்ல மாட்டேன். எழுந்து போங்க சார்."

எனக்கும் கோபம். "உங்களைப் பொய் சொல்லச் சொல்லி நான் கடல் தாண்டி வரலை" என்று கத்தினேன். வேறெதற்கு வந்தேன் என்று அவர் கேட்பதற்குள் கட்டிலை விட்டு எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டேன். பஸ் வரும்வரை புளியமரத்தடியில் நின்றுகொண்டு தங்கைக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். ஆள் நேர்மையானவர், அதுதான் சிக்கல். நேர்மையான சாட்சி விளக்கைப் பார்த்தேன் என்று சொன்னால் மாப்பிள்ளை மேற்கே போனதாகத்தான் அர்த்தம். முதல்முறையாக நானே அவரைச் சந்தேகப்பட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் சீட்டு ஓரத் தகரம் என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டது. இறங்கும்போது சர்ரென்று முழங்காலிலிருந்து கீழ்வரை கிழிந்தது. இன்னொரு கால்சட்டை சலவைக்காரரிடம் இருந்தது. கிழிசலைக் கையால் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டே செங்கம் ரோட்டுக்கு வந்தேன். அறைக்குக் கீழே ஒரு பெட்டிக்கடை. வாழைப்பழம், பீடி, சோப்பு, ஊதுவத்தி, நூல்கண்டு எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்கார அம்மாளிடம் ஊசியும் நூலும் கேட்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. தெருவே இருட்டு.

"நூலு தரேன். ஊசி இல்லீங்க" என்றார் அந்த அம்மாள்.

"அதோ டப்பாவிலே பார்த்தேனே, கரண்ட் போறதுக்கு முன்னாடி."

"இருக்குது. இப்ப தர மாட்டேன். வெளக்கு வெச்சாச்சு இல்ல? வெளக்கு வெச்சப்பறம் ஊசி, உப்பு எதுவும் குடுக்கக் கூடாது. காலைல வாங்க."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. "எந்த விளக்கும்மா வெச்சிருக்கு? உங்க கடையிலே விளக்கே இல்லை. தெருவிலேயும் இல்லை. என் மூஞ்சியே உங்களுக்குத் தெரியாது. என்னத்த விளக்கு வெச்சாச்சு?"

"வெளக்கு எரிஞ்சா இன்னா, எரியலன்னா இன்னா? பொழுது போயிடுச்சு இல்ல?"

நூல்கண்டை வாங்கிக்கொண்டு இரண்டு படி ஏறினேன். அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்கும் தமிழ்தான் தாய்மொழி. விளக்கு வைக்கிற நேரம் என்றால் அந்திப்பொழுது என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஏழுமலையின் வார்த்தை முதலில் எனக்கு ஆங்கிலத்தில் வந்தது. விளக்கு, எரிந்தது, கலங்கரை, தீவு என்று மாதக்கணக்கில் அதையே மனப்பாடம் செய்திருந்தேன். அவரே நேரில் தமிழில் சொன்னபோதும் அந்த ஆங்கிலம்தான் காதில் விழுந்தது. என் நெற்றியில் நானே பட்டென்று அடித்துக்கொண்டேன். கடைக்கார அம்மாள் கீழேயிருந்து, "கொசுவா சார்? கொசுவத்தி குடுக்கலாம், அது தோஷமில்ல" என்றார்.

ஊசியை ஹாலந்துப் பெண்மணி கொடுத்தார். அவருக்குப் பொழுது போனதும் தெரியாது, லட்சுமி கோபித்துக்கொள்வாள் என்பதும் தெரியாது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் தைத்தேன். தையல் கோணலாக வந்தது, கவலைப்படவில்லை. ஆனால் ஒன்று இருந்தது. ஏழுமலை நேரத்தைச் சொன்னார் என்று வைத்துக்கொண்டாலும், கலங்கரை விளக்கத்தைப் பார்க்கவில்லை என்று ஆகிவிடாதே. பார்த்திருக்கவும் கூடும். அந்த நினைப்போடு படுத்ததால் தூக்கம் அவ்வளவு நன்றாக வரவில்லை.

காலையில் போனால் ஆள் இல்லை, கடலை லோடு எடுத்துக்கொண்டு செஞ்சிப் பக்கம் போய்விட்டார். சாயங்காலம்தான் வருவார் என்றார் அவர் மனைவி. முந்தின நாள் நான் போட்ட சத்தத்துக்கு அந்த அம்மாள் என்னை வாசலிலேயே நிறுத்தியிருக்கலாம். "ஒக்காருங்கண்ணா, கோவத்துல வெறும் வயித்தோட போனீங்க" என்று கட்டிலைக் காட்டினார்.

மத்தியானம் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போட்டார். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்கிவிட வேண்டும். நான் மென்றேன். அது வாய்க்குள் எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டது. அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இரண்டாவது உருண்டையில் எனக்குப் பழகிவிட்டது. மூன்றாவது உருண்டையை நானே கேட்டு வாங்கினேன்.

வெயில் தாழ்ந்த பிறகு வேன் வந்தது. ஏழுமலை என்னைப் பார்த்ததும் வேனிலேயே உட்கார்ந்துவிட்டார், இறங்கவில்லை. நான் கிட்டே போனேன்.

"நேத்து பேசினது என் தப்புங்க. மாத்திச் சொல்லச் சொல்லி வரலை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வெளக்கு வெச்சாச்சுன்னு சொன்னீங்களே, எந்த விளக்கு?"

"எந்த வெளக்கா?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னா சார் கேள்வி இது? வூட்ல வெக்கற வெளக்குதான். எத்தினி மணிக்கு கப்பல் அடிச்சுதுன்னு கேட்டாங்க. எங்கிட்ட வாட்ச்சு ஏது? வெளக்கு வெச்சு கொஞ்ச நேரத்துலன்னு சொன்னேன்."

"அந்தத் தீவுல லைட் ஹவுஸ் இருக்கே, அந்த விளக்கு?"

"அது எங்க தெரிஞ்சுது? அன்னிக்கு அது கண்ணுலயே படல."

வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன். "இதை ஏங்க அங்கே சொல்லலை?"

"யாரு கேட்டாங்க? மணி கேட்டாங்க, சொன்னேன். கைநாட்டு வெக்கச் சொன்னாங்க, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னு போட்டேன். அவ்ளோதான்."

அதற்குள் அவர் மனைவி வாசலுக்கு வந்துவிட்டார். "அந்த மலையப் பாத்துக் கும்புட்டீங்களே, அதயும் சொல்லுங்களேன்" என்றார்.

"ஏய், சும்மா இரு."

"எங்கிட்ட மட்டும் எத்தினி வாட்டி சொன்னீங்க. அண்ணாகிட்ட சொன்னா இன்னாவாம்?" என்று என்னைப் பார்த்துத் திரும்பினார். "வேற நாட்டு மலைய நம்ம அண்ணாமலையாருன்னு நெனச்சுக் கும்புட்டாராம்ணா."

ஏழுமலைக்கு மீசையெல்லாம் வெட்கம். "நெனச்சு இல்ல சார். தெரியும், அது வேற மலைன்னு. இருந்தாலும் அச்சா அப்பிடியே இருந்துச்சு. வெளக்கு வெக்கற நேரத்துல எங்க ஊர்ல எல்லாரும் மலையப் பாத்து ஒரு கும்புடு போடுவாங்க. பழக்கம். முன்னாடி நின்னுட்டு இருந்தேனா, அந்தத் தீவு மலை தெரிஞ்சுது. கை தானா மேல பூட்ச்சு. வெள்ளைக்காரங்க முன்னாடி இதப் போயி எப்பிடி சார் சொல்றது? காவல் பாக்கச் சொன்னா சாமி கும்புட்டுட்டு இருந்தியான்னு கேக்க மாட்டாங்க?"

"எப்படி இருந்ததுங்க, அந்த மலை? எந்தப் பக்கத்திலேர்ந்து பார்த்த மாதிரி?"

"இதோ, இப்பிடித்தான்" என்று கையை நீட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். கடலைக் காட்டுக்கு அப்பால், மேற்கே, அண்ணாமலை. சூரியன் அதற்குப் பின்னால் இறங்கிவிட்டது. மலை முழுக் கறுப்பாக நின்றது.

"பின்னாடி வானம் எப்படி இருந்தது?" என்றேன்.

"இப்ப எப்பிடி இருக்கு? இதே மாதிரி. செக்கச்செவேல்னு. மலை மட்டும் கருப்பா. அதனாலதான சார் நம்ம ஊரு நெனப்பே வந்துச்சு."

அவருக்கு நான் ஏன் அழுதேன் என்று புரியவில்லை. மலைக்குப் பின்னால் அந்தி வானம் சிவந்திருந்தால், மலை மேற்கே இருந்தது, கப்பல் மலைக்குக் கிழக்கே இருந்தது. அதற்கு மேல் கணக்கு எதுவும் வேண்டாம். மாப்பிள்ளை சொன்ன வழியில்தான் வந்திருக்கிறார். சொன்ன இடத்தில்தான் அடித்திருக்கிறது. ஏழுமலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வேன் எண்ணெய் முழுக்க என் சட்டையில் அப்பிக்கொண்டது. அவர் மனைவி உள்ளே போய் விளக்கேற்றி மாடத்தில் வைத்துவிட்டு வந்தார். மூன்று பேரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டோம். கோயிலுக்கெல்லாம் அவ்வளவாகப் போகாதவன் நான். அன்றைக்குக் கும்பிட்டேன், மனசாரத்தான் கும்பிட்டேன்.

மறுநாள் ஏழுமலை இஸ்திரி போட்ட சட்டையோடு திருவண்ணாமலைக்கு வந்தார். கோர்ட்டு வாசலில் இருந்த ஒரு நோட்டரி வக்கீல் முன்னால் உட்கார்ந்து சொன்னார். அவர் சொன்னதைத் தமிழிலேயே எழுதச் சொல்லி நான் பிடிவாதம் பிடித்தேன், ஆங்கிலம் அதற்குப் பிறகுதான். வக்கீல் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை வைத்துவிட்டு, "விளக்கு வைத்த நேரம் என்பதை அப்படியே போடவா, சாயங்காலம் என்று திருத்தவா?" என்று கேட்டார்.

"அய்யய்யோ, அப்படியே போட்டு, அதற்கு அர்த்தமும் போடுங்கள்" என்றேன்.

ஏழுமலை கையெழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு என் காதருகே குனிந்தார். "கும்புட்டதயும் எழுதிட்டாரா?"

"எழுதிட்டார்."

"போவட்டும். கேப்டனுக்காவத்தான. அவுரு அன்னிக்குக் கப்பல கரைக்கிக் கொண்டாரலன்னா நான் இங்க நிக்க மாட்டேன்." பிறகு நிமிர்ந்து மீசையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க சார், பரோட்டா சாப்புடலாம்" என்றார். சால்னாவில் முக்கி முக்கி அவர் சாப்பிட்ட வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

தபாலாபீசில் தங்கைக்குத் தந்தி கொடுத்தேன். என்ன எழுதுவது என்று முதலில் கை ஓடவில்லை. கடைசியில், 'கிழக்கு வழிதான், சாட்சி கிடைத்தது' என்று ஆங்கிலத்தில் எழுதி நீட்டினேன். கௌண்டரில் இருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, "கிரிவலமா சார்? கிழக்கால சுத்தறதா, மேற்கால சுத்தறதான்னு தகராறா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு யாரோடும் வாதம் செய்யும் மனநிலையில் நான் இல்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் செங்கம் ரோட்டில் நடந்து மலையை முழுவதும் சுற்றிவந்தேன். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் அது வேறு மலையாகத் தெரிந்தது. ஒரு இடத்தில் கோபுரங்கள் மொத்தமாக மறைந்துவிடும், கொஞ்ச தூரம் போனதும் ஒவ்வொன்றாக வெளியே வரும். கால் வலித்தது, செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு பாதித் தூரம் வந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் வேண்டுதல் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

மறு விசாரணை நாங்கள் பயந்த மாதிரி இழுக்கவில்லை. ஏழுமலையின் தமிழை அங்கே திருவண்ணாமலைப் பக்கத்து ஆள் ஒருவர் படித்து விளக்கினார். அதைக் கேட்டு அளவை எடுக்கும் படகுகள் இரண்டைக் கிழக்கு வழிக்கு அனுப்பினார்கள். இரண்டுக்கும் நடுவே நீளமான கம்பி வடத்தைத் தண்ணீருக்குள் குறிப்பிட்ட ஆழத்தில் தொங்கவிட்டு இழுத்துக்கொண்டு போவார்கள். அடியில் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் வடம் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளை சொன்ன இடத்துக்கு மிகப் பக்கத்தில், ஊசி மாதிரி ஒற்றைப் பாறை, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. சான்றிதழ் திரும்பி வந்தது.

வரைபடத்தில் அந்தப் பாறையை நான்தான் வரைந்தேன். ஒரு சின்னச் சிலுவைக் குறி, அதைச் சுற்றிப் புள்ளிகளால் ஒரு வட்டம், உள்ளே ஆழம். அரைமணி வேலைகூட இல்லை. ஆனால் அன்றைக்குப் பேனாவில் மையைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டே இருந்தேன், வட்டம் பிசகாமல் வர வேண்டுமே. அச்சாகி வந்த முதல் தாளைச் சுருட்டிக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் போனேன்.

மாப்பிள்ளை ரேடியோவை நிறுத்திவிட்டுத் தாளை மேசையில் விரித்தார். தீவைக் கண்டுபிடித்தார். கிழக்கு வழியில் விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டே போய், அந்தக் குறி மேல் நிறுத்தினார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"மச்சான்," என்றார், தலையைத் தூக்காமலே. "உங்ககிட்டச் சொல்லலை. நடுவுல கொஞ்ச நாளா, நான்தான் மேற்கால போயிட்டேன்னு நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி, என் தங்கையைச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரு. இருக்கு."